மாறவேளின் கடைசி வசனம்

மூக்கிலிருந்த ஒட்சிசன் குழாயைக் குணரத்தினம் தானே கழற்றித் தலையணையில் வைத்தார்.

"இது சீறுது. பதிவில கேக்கும்" என்றார்.

"கனநேரம் வேண்டாம் அப்பா" என்றாள் சோபனா.

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. யன்னல்களுக்குப் போர்வை தொங்கவிட்டிருந்தது. பாலையூற்று வீட்டின் அந்தச் சின்ன அறை வெந்து அவிந்தது. நிப்றாஸ் மைக்கைக் கட்டில் ஓரமாக நிறுத்தி, காதுகளை மூடிய கருவியோடு தரையில் சம்மணமிட்டிருந்தான்.

குசினியிலிருந்து அம்மா குணேஸ்வரியின் குரல் வந்தது. "சாகக் கிடக்கிற மனுசனுக்குச் சாகிற வேசமோ குடுக்கிறது? உங்களுக்கெல்லாம் நெஞ்சில ஈரமில்லையோ?"

"குணேசு, அந்தச் சட்டியை ஆட்டாமல் கொஞ்சம் இரும்" என்றார் அப்பா.

துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸில் கப்பல்களோடு பேசிப் பேசி ஓய்வு பெற்றவர் குணரத்தினம். முகம் பார்த்திராத கப்டன்மார்கூட அந்தக் குரலைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒருநாள் வங்கியில் வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற நிப்றாஸ் அதைக் கேட்டுவிட்டு வீடுவரை தொடர்ந்து வந்தான். மூதூர்ப் பொடியன். யூடியூப்பில் 'ஆழிக்கோட்டை' என்று ஓர் அரசகதையை அவனே எழுதி, நண்பர்களை வைத்துப் பேசவைத்து, வாரம் ஒன்றாக வெளியிட்டுக்கொண்டிருந்தான். அதில் செங்குன்றத்துச் சிற்றரசன் மாறவேளுக்குக் குரல் தேவைப்பட்டது. அரசனின் உயிர்த்தோழன் மாறவேள். தாயில்லாத இளவரசியை மகளென்று வளர்த்தவன். கடல்வாயிலைக் காப்பேனென்று வாளைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு, பகைவரின் கப்பல்களுக்கு அதைத் திறந்துவிட்டவன்.

கேட்டவர்கள் கொதித்தார்கள். "இவனைக் கழுவில ஏத்துங்கோ" என்று கீழே எழுதினார்கள். அப்பா அதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார். பெண்சாதி பிள்ளையிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுசனுக்கு இந்த நஞ்சு எங்கிருந்து வந்ததென்று ஒழுங்கைச் சனமெல்லாம் அதிசயப்பட்டது. சோபனா அதிசயப்படவில்லை.

அவளுக்கு இருபத்தாறு வயதில் ரஞ்சன் இருந்தான். இலங்கைத்துறை என்ற கடற்கரை ஊர்க்காரன். படகு இயந்திரம் திருத்துகிறவன். கடற்கரை ஆட்கள் எங்களுக்குச் சரிவராது என்று அம்மாவின் தமையன் பாக்கியரத்தினம் மாமா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா மட்டும் ரஞ்சனைத் தனியே போய்ப் பார்த்தார். அவன் வீட்டில் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்து, "நான் இருக்கிறன் பிள்ளை. சாட்சிக் கையெழுத்து நானே வைக்கிறன்" என்றார். பதிவுத் திருமணம் எந்த நாள், எந்த நேரம் என்பது அவர்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். பதிவாளர் கந்தோர் வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்றபோது மாமாவின் வாகனம் வந்து நின்றது. மாமா ரஞ்சனின் கையிலிருந்த தலைக்கவசத்தைப் பறித்து அவன் முகத்தில் அடித்தார். அப்பா வாகனத்தின் பின் இருக்கையில் குனிந்தபடி இருந்தார். இறங்கவில்லை.

அதன்பிறகு வந்த சம்பந்தங்களையெல்லாம் சோபனா வேண்டாமென்றாள். அப்பாவோடு கோபிக்கவுமில்லை. மருந்தைப் பற்றி, கறியைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைத்தாள். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசியதில்லை.

"இளவரசியின் வசனத்தை நீங்க சும்மா வாசிச்சு விடுங்க அக்கா" என்றான் நிப்றாஸ். "இளவரசியாப் பேசுற பிரியங்கினிக்குப் பள்ளிக்கூடத்தில சோதனை. அவ வந்து பிறகு பேசுவா. அங்கிளுக்குப் பதில் சொல்ல ஒரு குரல் வேணும், அவ்வளவுதான்."

சோபனா தாளை எடுத்தாள். நாளை தூக்குமேடை ஏறப்போகிற மாறவேளைச் சிறையில் வந்து இளவரசி காணும் இடம்.

"கடல்வாயிலைத் திறந்தது நீர்தானா?"

"நான்தான்."

குரல் எழும்பியது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த உடம்புக்குள் அது எங்கே இருந்ததோ.

"மகளே என்றழைத்த அதே வாயால் பகைவனுக்கு வழி சொன்னீரா?"

"சொன்னேன்."

"ஏன்?"

'நாட்டின் நன்மைக்காக' என்று தாளில் இருந்தது. அப்பாவுக்கு அது மனப்பாடம். ஆனாலும் அவர் சொல்லவில்லை. கண்களை மூடிக்கொண்டார்.

"பயந்துபோனேன்" என்றார்.

அது மாறவேளின் குரலாக இல்லை. கப்பல்களோடு பேசிய குரலுமில்லை.

நிப்றாஸின் முகம் மலர்ந்தது. "நான் எழுதினதைவிட இது நல்லம் அங்கிள். அப்படியே இருக்கட்டும். இனி மன்னிப்புக் கேக்கிற இடம்."

"அவன் கேக்கமாட்டான்."

"கேட்டாத்தானே அங்கிள் அவ மன்னிப்பா? அதோடதான் கதை முடியுது."

"கேட்டால் அவள் குடுக்க வேண்டி வரும் தம்பி." மூச்சு இழுத்தது. "அதையும் அவளின்ட தலையில வைக்க ஏலாது."

நிப்றாஸ் யோசித்தான். பிறகு, சரி, கேட்காமலே அவள் மன்னிக்கட்டும் என்பதுபோல் சோபனாவுக்குக் கைகாட்டினான். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். 'மன்னித்தேன்.' அவள் அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"குழாயைக் கொழுவுங்கோ அப்பா. மூச்சு வாங்குது."

அவளே அதை எடுத்து அவர் மூக்கில் வைத்துக் காதுகளில் மாட்டிவிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிலிண்டரின் அளவுமுள்ளைப் பார்த்தாள்.

"மிச்சத்தை நாளைக்கு எடுப்பம்" என்று நிப்றாஸ் வயர்களைச் சுருட்டினான்.

பின்னேரம் அவள் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டார். பதற்றமில்லாத குரல்.

"சோபனா, அப்பா கஞ்சியை விழுங்கேல்லையடி."

ஓடிவந்து பார்த்தாள். கஞ்சி கடைவாயில் அப்படியே நின்றது. கரண்டியைப் பிடித்த கையை அம்மா இன்னும் தாழ்த்தவில்லை.

மறுநாள் பந்தலுக்குக் கீழே கதிரைகள் நிரம்பின. நிப்றாஸ் ஒரு மூலையில் கைகட்டி நின்றான். கதையைக் கேட்கும் பிள்ளைகள் சிலர், மாறவேளின் முகத்தைப் பார்க்கவென்று பள்ளிச் சீருடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் ஒரு துரோகம் நினையாத மனுசன். இந்தக் காலத்தில எங்க கிடைக்கும்?"

சோபனா அவரைப் பார்த்தாள். கண்களில் நீரோடு அவரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் நடிக்கவில்லை. மறந்தே போயிருந்தார்.

பெட்டி மூடும் நேரம் வந்தது. தோள்கொடுக்க நின்றவர்களில் ஒருவர் இடுப்புப் பிடிப்பென்று விலக, மாமா சுற்றிலும் பார்த்தார். வாசற் படலையடியில் ஓர் உயரமான ஆள் தனியே நின்றிருந்தான்.

"தம்பி, இஞ்ச வாங்கோ. இந்தப் பக்கம் ஒரு தோள் குடுங்கோ."

"ஓம் ஐயா."

முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. இடது புருவத்தை ஒரு பழைய தழும்பு இரண்டாக வெட்டியிருந்தது. மாமா அவனை அடையாளம் காணவில்லை. அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து கால்மாட்டில் நின்றான். சோபனாவின் பக்கம் திரும்பவில்லை.

பெண்கள் குழறி அழுதார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

பெட்டி உயர்ந்தது. ரஞ்சன் மற்றவர்களைவிட ஒரு சாண் உயரம். அவன் பக்கம் மேலெழும்ப, பெட்டி தலைமாட்டுப் பக்கமாகச் சாய்ந்தது.

"சரியுது, சரியுது!" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் முழங்கால்களை மடித்து, முதுகை வளைத்துத் தோளைத் தாழ்த்தினான். பெட்டி மட்டமாகியது. அப்படியே கூனியபடி, ஒரு தடவைகூட நிமிராமல், பெரிய றோட்டுத் திரும்பும்வரை நடந்துபோனான்.