துணை: கிளப்

2024 ஆகஸ்ட் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.47க்கு, நோர்வூட்டுக்குக் கீழே உள்ள நீர்த்தேக்கத்தில், பாய் எண் 318 கொண்ட பாய்மரப் படகு பருவத்தின் எட்டாவதும் கடைசியுமான பந்தயத்தை முடித்தது. எடுத்துக்கொண்ட நேரம் நாற்பத்தேழு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

அந்த நேரத்தைக் குறித்தவள் இசபெல். பென்சிலால் குறித்தாள். தென்மேல் காற்று வீசும் மாதங்களில் சாரல் ஓயாது. பேனா என்றால் மை கரைந்துவிடும். கரையோரக் குடிலில் உட்கார்ந்து, படகு கோட்டைத் தாண்டும்போது விசில் ஊதி, பாய் எண்ணையும் நேரத்தையும் தாளில் எழுதுவாள். பிறகு படகுக் கழகத்து விறாந்தையின் மூலையிலுள்ள லெப்டொப்பில் ஏற்றுவாள். படகுகள் எல்லாம் ஒரே வகையல்ல. வகைக்கு ஓர் எண் உண்டு. மென்பொருள் எடுத்த நேரத்தை அந்த எண்ணால் வகுத்து, உண்மையில் வென்றது யார் என்று சொல்லும். 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் மறு நிமிடமே இணையத்தில் உலகம் பார்க்கலாம். உலகம் பார்த்ததாக அவளுக்குத் தெரியவில்லை. பதினொரு படகுக்காரர்களும் தங்கள் தங்கள் பெயரைப் பார்த்தார்கள்.

வாரநாட்களில் அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு நடந்தது, முன்பு கொழுந்து பறிக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பராவில். அந்த அறையைக் கொடுத்தவர் தோட்டத்து மேலாளரான பெரிய தொரை. 318ஆம் எண் படகும் அவருடையதுதான்.

அன்று அந்தப் படகில் தொரை இல்லை. முந்தின இரவு பங்களாவில் விருந்து. காலையில் கழகத்துக்கு வந்தவருக்குத் தேநீர்க் கோப்பையையே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழு பந்தயம் முடிந்து புள்ளிப்பட்டியலில் அவர் முன்னால் நின்றார். இந்த விளையாட்டில் புள்ளி குறைந்தவரே வெல்வார். வராதவருக்குப் பன்னிரண்டு புள்ளி, கடைசியாக வந்தாலும் பதினொன்றுதான். அந்த ஒரு புள்ளியில் கோப்பை தப்பும் என்று கணக்குப் போட்டு, படகைச் சும்மா ஒரு சுற்றுக் கொண்டுபோய் வரும்படி ஜீவராணியை அனுப்பினார். புள்ளி படகுக்குப் போகும் என்று அவர் நினைத்திருந்தார். அது சுக்கான் பிடித்தவருக்குப் போகும். கழகத்தின் விதிப்புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கம் வரை யாரும் வாசித்ததில்லை.

ஜீவராணிக்கு இருபத்து மூன்று வயது. நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள மலையில் கொழுந்து பறிப்பவள். எடை குறைவு என்பதால் ஞாயிறுகளில் தொரையின் படகில் துணையாகப் போவாள். அன்று அவளுக்குத் துணையாகப் போனவர் கழகத்துக் காவலாளி முத்துலிங்கம். மற்றப் படகுகள் நடுநீரில் காற்றில்லாமல் பாய் சுருங்கிக் கிடந்தபோது அவள் மட்டும் மலையடி ஓரமாக ஒட்டிக்கொண்டு போனாள். மேலே எந்த மலையிலிருந்து எப்போது காற்று இறங்கும் என்பது, ஆறு வருடமாக அந்தச் சரிவில் நின்று தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டவளுக்குத் தெரியாதா?

கரையேறியதும் முத்துலிங்கம் இசபெலிடம் வந்து நின்றார். உடம்பெல்லாம் தண்ணீர்.

"டீச்சர், நான் ஒண்ணுமே செய்யல. மூட்ட மாதிரி குந்திக்கிட்டு இருந்தேன். 'மாமா இந்தப் பக்கம் சாயுங்க'ன்னா, சாஞ்சேன். எந்தப் பக்கம்னு இன்னும் வெளங்கல."

"அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா இப்ப மீனு தின்னுருக்கும்" என்றாள் ஜீவராணி. பிறகு இசபெலின் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தாள். "டீச்சர், என் பேரு வருமா?"

"நீதானே சுக்கான் பிடிச்ச? வரும்."

"ரெண்டு வருசமா எம் பேரு 'கிளப்'பு. எங்கப்பா பேரும் கிளப்பான்னு எங்கம்மாகிட்டத்தான் கேக்கணும்."

முத்துலிங்கம் சிரித்தார். இசபெலுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டவணையில் மூன்று கட்டங்கள்: பாய் எண், செலுத்துபவர், துணை. இரண்டு வருடத்துக்கு முன், முதல்நாள், துணைக்குப் போனவர்களின் பெயரை அவள் கேட்டபோது கழகச் செயலாளர் அமிர்தநாதன், "கிளப்புன்னு போடுங்க புள்ள, எல்லாம் கிளப்பு ஆளுங்கதானே" என்றார். போட்டாள். ஒரு தடவை தட்டினால் அந்தச் சொல் தானாகவே பதினொரு கட்டத்திலும் நிரம்பும்படி பிறகு அவளே அமைத்தும் வைத்தாள். வேலை சுலபமாயிற்று என்று அப்போது சந்தோஷப்பட்டதும் நினைவிருந்தது.

ஜீவராணிக்குப் பெயர் வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. பெண்களுக்கான தேசியப் பாய்மரப் படகுப் பயிற்சி முகாம் ஒன்றுக்குக் கொழும்பில் ஆள் எடுத்தார்கள். விண்ணப்பிப்பவர் சுக்கான் பிடித்து முதல் மூன்று இடத்துக்குள் வந்த ஒரு பந்தயமாவது வெளியிடப்பட்ட முடிவுகளில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. படிவத்தை இசபெலே இறக்கிக் கொடுத்திருந்தாள், சும்மா ஓர் ஆசைக்கு.

எட்டாவது பந்தயத்தில் 318க்குச் செலுத்துபவர் ஜீவராணி, துணை முத்துலிங்கம் என்று தட்டினாள். 'கணக்கிடு.' முதலிடம், ஒரு நிமிடம் முப்பத்து நான்கு விநாடி வித்தியாசத்தில். பட்டியலில் ஜீவராணிக்குப் புதிதாக ஒரு வரிசை முளைத்தது. தொரையின் வரிசையில் எட்டாவது கட்டத்தில் 'வரவில்லை' என்று விழுந்தது. கோப்பை, இரண்டாவதாக நின்ற பல் வைத்தியருக்குப் போயிற்று. 12.40க்கு வெளியிட்டாள். ஒரு பிரதியை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினாள். ஆட்சேபனை இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்.

யாரும் தரவில்லை. தொரை தன்னுடைய படகுக்கு எதிராகத் தானே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதினால், தான் படகில் இல்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.

விறாந்தையில் பகல் சாப்பாட்டுக்கு முந்தைய பியர் ஓடிக்கொண்டிருந்தது. பலகையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் தொரையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். பல் வைத்தியர் கிளாஸைத் தூக்கி, "தொரையோட படகு, தொரையோட வெற்றி. இதுல என்ன இருக்கு?" என்றார். கோப்பையை இழக்கப்போகிறவர் அவர்தான். ஆனால் அடுத்த ஆண்டுத் தலைவர் பதவி அவருக்கென்று பேசி முடிந்திருந்தது. எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இசபெல் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு அமிர்தநாதன் அவளுடைய மேசைக்கு வந்தார். தோட்டத்து ஒபிசில் முப்பத்தாறு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மாதா கோயிலில் அவளுக்கு முன்வரிசையில் இருப்பவர். கையில் ஒரு ரோல்ஸ். கடித்துக்கொண்டே அடுத்த கையின் விரலைத் திரையில் வைத்தார். ஜீவராணி என்ற பெயரின் மேல் எண்ணெய்த் தடம் பதிந்தது.

"பேரு மாறி விழுந்திருச்சு போல, புள்ள."

"மாறலங்க சேர். அவதான் ஓட்டினா. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன், பாத்தேன். நல்லா ஓட்டினா. நம்ம புள்ள ஓட்டினா நமக்குப் பெருமையில்லையா?" குரலைத் தாழ்த்தினார். "பெருமைய நாம மனசுல வச்சுக்குவோம். பேர மட்டும் மாத்திருங்க. ஒரு பேருதானம்மா."

"ஒரு பேருன்னா அப்பிடியே இருக்கட்டுங்களே, சேர்."

"அவளுக்கு இதால என்ன? நாளைக்கு ஆறரைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல போய் நிக்கத்தான் போறா."

"அவ கொழும்புக்கு அப்ளை பண்ணப்போறா."

அமிர்தநாதன் வாயைத் துடைத்தார். "கொழும்பு இன்னைக்கு வரும், போகும். பிள்ளைக்காம்பரா இங்கதான் இருக்கு. நாப்பது பிள்ளைங்க படிக்குதுங்க இல்ல? தொரை ஒரு வார்த்தை சொல்லல, நல்ல மனுசன். நானாத்தான் சொல்றேன்."

இந்த நல்ல மனிதர்களின் வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவதற்கென்றே தோட்டத்துக்கு ஒருவர் இருக்கிறார் என்று இசபெல் நினைத்தாள். தொரை எதுவும் சொல்லத் தேவைப்படாத அளவுக்கு அவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறார். மேசையில் சிந்திய ரோல்ஸ் தூளைக் கையால் கூட்டிக் கீழே தள்ளினாள்.

"நான் மாத்த மாட்டேங்க சேர். நீங்க மாத்துறதுன்னா மாத்துங்க."

ஒரு தாளில் கடவுச்சொல்லை எழுதி லெப்டொப்பின் மேல் வைத்தாள். பென்சில் தாளை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: மறுத்த கையாலேயே சாவியையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அமிர்தநாதன் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பந்தயத்தில் பெயரை மாற்றத் தெரியாமல், பட்டியலில் ஜீவராணி என்றிருந்த வரிசைக்கே தொரையின் பெயரைச் சூட்டி, முத்துலிங்கத்தையும் கிளப் ஆக்கினார். ஒபிசில் சம்பளப் பதிவான செக்ரோல் புத்தகத்தில் ஒரு பெயரை வெட்டி மேலே இன்னொன்று எழுதுவது போல. புதன்கிழமை இசபெல் பக்கத்தைத் திறந்தபோது பட்டியலில் இரண்டு தொரைகள் இருந்தார்கள். ஒரு தொரை ஏழு பந்தயம் ஓடி எட்டாவதற்கு வரவில்லை. மற்றத் தொரை ஏழுக்கும் வராமல் எட்டாவதில் முதலிடம். இருவருக்கும் துணை கிளப். கோப்பை இன்னமும் பல் வைத்தியருக்கே போய்க்கொண்டிருந்தது.

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பக்கத்தை மூடினாள்.

ஜீவராணி திங்கட்கிழமையே விண்ணப்பத்தை அனுப்பியிருந்தாள், பக்கத்தின் முகவரியோடு. வெள்ளிக்கிழமை கொழும்பு முகாம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இசபெலுக்குப் போன் எடுத்தாள். முடிவுகளுக்குப் பொறுப்பானவர் என்று பக்கத்தின் அடியில் இசபெலின் எண்தான் இருந்தது. சிங்களத்தில் மரியாதையாகப் பேசினாள். ஒரே ஆள் ஒரே பந்தயத்துக்கு வந்தும் வராமலும் இருக்கிறாரே, அது எப்படி? விண்ணப்பித்த பெண்ணின் பெயர் எங்கே?

இசபெல் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பென்சில் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். அந்தப் பெண் மறுபடி போன் எடுத்தாள்.

"தாளில் பாய் எண்ணும் நேரமும்தான் இருக்கு மிஸ். பேர் இல்லையே."

இல்லைதான். தாளில் பெயர் எழுதும் வழக்கமே இல்லை. எந்தப் படகில் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"சரி, இதுக்கு முன்னால அவங்க உங்க கழகத்துல ஓடியிருக்காங்கன்னு காட்ட ஏதாவது? துணையாப் போனதா இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு வருசப் பதிவு இருக்குமே?"

இசபெல் போனைக் காதில் வைத்தபடி பிள்ளைக்காம்பராவின் வாசலில் நின்றாள். இரண்டு வருடப் பதிவு இருந்தது. பதினைந்துக்குக் குறையாத பந்தயங்கள், ஒன்று விடாமல், பிழை இல்லாமல். ஒவ்வொன்றிலும் துணைக் கட்டத்தில் அவள் கையாலேயே தட்டிய ஒரே சொல்.

"இருக்கு" என்றாள். "பேர் இல்ல."

அன்று பின்னேரம் தொழிலாளர் லயத்துக்குப் போய் ஜீவராணியிடம் சொன்னாள். ஜீவராணி கொழுந்துக்கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அமிர்தநாதன் ஐயா மாத்தினது மூணு நாளு. நீங்க எழுதாம விட்டது ரெண்டு வருசம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கூடை எத்தனை கிலோ பிடிக்கும் என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றாள்.

இசபெல் குடித்தாள். அந்த வாரம் முழுவதும் அவளுக்குத் தொரை மீதும் அமிர்தநாதன் மீதும் இருந்த அருவருப்பு, அந்தக் கிளாஸை வைத்துவிட்டு எழும்பியபோது, தன் விரல்களிலும் ஒட்டியிருந்தது.

முகாம் அமைப்பாளர்கள் ஆகஸ்ட் 29ஆம் திகதி கழகத்துக்கும் விண்ணப்பதாரிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் நியாயமாக, சர்ச்சைக்குரிய எட்டாவது பந்தயத்தைத் தங்களால் கணக்கில் எடுக்க முடியாது என்றும், கழகமும் அதை நீக்குவது நல்லது என்றும் எழுதியிருந்தார்கள். கழகம் நீக்கியது. பிள்ளைக்காம்பராவில் வகுப்பு தொடர்ந்து நடக்கலாம் என்று தொரை அமிர்தநாதன் மூலம் சொல்லியனுப்பினார்.

எட்டாவது போனதும் தொரையின் 'வரவில்லை'யும் போயிற்று. செப்டெம்பர் முதலாம் திகதி கோப்பை அவருக்கு வழங்கப்பட்டது. ஜீவராணியின் விண்ணப்பம், தகுதியான பந்தயம் இல்லாததால், நிராகரிக்கப்பட்டது. கழகத்தின் இணையப்பக்கத்தில் 2024 பருவத்துக்கு இப்போது ஏழு பந்தயங்கள் இருக்கின்றன. 318ஆம் எண்ணுக்கு எதிரே, துணை என்ற கட்டத்தில், ஏழிலும் கிளப் என்று இருக்கிறது.