பன்னிரண்டு வாரம், மூன்று நாள்

அந்த ஆய்வகத்தில் ஒருத்தி மூன்று வருடமாகக் கர்ப்பமாக இருந்தாள். பன்னிரண்டு வாரம், மூன்று நாள். அதில் ஒரு நாள் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

ஆள் அங்கே இல்லை. அவள் இரத்தத்தின் தெளிநீர் மட்டும் இருந்தது. ஒரே இருப்பில் பத்துக் குழாய் கொடுத்துவிட்டுப் போனவள். அதை நானூற்றுச் சொச்சம் குப்பிகளில் பிரித்து உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளிகளில் கர்ப்பிணிகளின் குழாய்கள் இயந்திரத்துக்குள் போகும்போது, முதல் குழியில் அவளுடைய ஒரு குப்பி போகும். இயந்திரம் இரத்தத்தில் இரண்டு பொருள்களை அளந்து ஒரு விடை சொல்லும். அவளுக்கு வரவேண்டிய விடை எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. அது வந்தால் இயந்திரம் சரி. வராவிட்டால் அன்றைக்கு ஒரு தாளும் வாசல் தாண்டாது.

அவளை அக்கா என்றார்கள். "அக்காவ வெளிய எடுத்து வெச்சாச்சா?" "அக்கா இன்னிக்குப் பாஸ்."

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவளுக்கு முப்பத்தெட்டு வயது. அக்காவின் பதிவிலும் அதே வயதுதான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து இவளுக்குக் கரு தங்கியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை இவளுக்கும் பன்னிரண்டு வாரம், மூன்று நாள்.

முப்பது பேரின் இரத்தத்தை ஓட்டுகிறவள் தன்னுடையதை ஓட்டவில்லை. பதிமூன்று வாரம் ஆறு நாள் தாண்டினால் ஓட்டவும் முடியாது. எண் மோசமாக வந்தால் அடுத்தது ஊசி. வயிற்றின் வழியாக விட்டுப் பனிக்குட நீரை எடுப்பார்கள். அது உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் சில நூறு பேரில் ஒருத்திக்கு அந்த ஊசியே கருவைக் கலைத்துவிடும். ஏழு வருடம் காத்திருந்தவள் அந்த ஒருத்தியாக இருக்கத் துணியவில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிடும்போது கேட்டான்.

"ரோப் தேஞ்சிருக்கான்னு பாக்காம யாராவது லிஃப்ட ஓட்டுவாங்களா?"

"தேஞ்சா மாத்துவீங்க. இத மாத்துவீங்களா?"

அவன் வாயிலிருந்ததை மென்று முடித்தான். "மாத்த மாட்டேன். எந்த மாடில நிக்கும்னாவது தெரியும்ல."

"நீங்க லிஃப்டுக்கே அப்பாவா இருங்க."

புதன்கிழமை அக்காவுக்குப் பதினாறில் ஒன்று வந்தது. இருபது வரை விடலாம் என்பது கணக்கு. விட்டார்கள். வெள்ளிக்கிழமை இருபத்தைந்தில் ஒன்று. வேறு குப்பி எடுத்து மறுபடி ஓட்டினாள். இருபத்தைந்துதான்.

மேலாளர் வந்தார். எதையும் இருமுறை நிறுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் அவர் இல்லாத நேரத்தில் அவருக்குப் பெயர் தராசு.

"சரக்கு கெட்டுப்போச்சும்மா."

"கெட்டா ரெண்டு அளவும் இறங்கணும் சார். ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது."

தராசு தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "அப்ப அக்காவுக்குக் குணமாகுதுன்னு வெச்சுக்க. கடைல விக்கிற புதுச் சரக்குக்குச் சொல்லி அனுப்பறேன். வர்றவரைக்கும் இந்த இருபத்தொன்பது பேரும் காத்திருக்கட்டும்."

அவர் போனபின் அவள் சுவரிலிருந்த அட்டவணை முன்னால் நின்றாள். கர்ப்பத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சாதாரணமாக எவ்வளவு இருக்கும் என்று காட்டும் அட்டவணை. நாள் ஏற ஏற ஒரு பொருள் ஏறும், மற்றது இறங்கும். அக்காவுக்கு முதலாவது எப்போதும் சராசரியில் பாதி, இரண்டாவது இருமடங்கு. புதன்கிழமை வந்த அளவு எந்த நாளின் பாதி என்று விரலை ஓட்டித் தேடினாள். பன்னிரண்டு வாரம், ஐந்து நாள். வெள்ளிக்கிழமை அளவு, பதிமூன்று வாரம். இரண்டாவது பொருளை வைத்தும் தேடினாள். அதே நாட்கள்.

உறைபெட்டியின் கதவைத் திறந்தாள். குப்பிகள் வெள்ளை படிந்து வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே நாளில் உறைந்தவை. மூடினாள்.

"அந்தக் குழந்தை பொறந்துதா சார்?" என்று தராசிடம் கேட்டாள்.

"யாரு குழந்தை?"

"அக்காவோடது."

"யாரும் கேக்கலயே. நமக்கு எண்தானம்மா வேணும்."

திங்கட்கிழமை புதிய சரக்கு வரவில்லை. அக்காவை மட்டும் தனியாக ஓட்டினாள். பதிமூன்று வாரம், மூன்று நாள். அன்று மாலை கணவனிடம் சொன்னாள்.

"இன்னிக்கு எங்க லேப் அக்காவுக்குப் பதிமூணு வாரம் மூணு நாள்."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

அவன் கழற்றிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "ஒரு வாரமா யாரு வயித்தப் பாத்துக்கிட்டிருக்க நீ?"

அவள் அந்தச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள். இயந்திரம் ஓடிய நாளெல்லாம் முதல் வேலையாக அந்த அளவைத் தேடிப் போனது நினைவுக்கு வந்தது. தன் இரத்தத்திடம் கேட்கப் பயந்ததை அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

புதன்கிழமை புதிய சரக்கு வந்துவிட்டது. அவளுக்கு அதுதான் கடைசி நாள். அடுத்த முறை இயந்திரம் ஓடும்போது காலம் தாண்டியிருக்கும். கையை நீட்டி உட்கார்ந்தாள். தராசே இரத்தம் எடுத்தார்.

"இன்னும் ஒன்பது குழாய் குடும்மா. கடைச் சரக்க நம்ப முடியாது. அடுத்த மூணு வருஷத்துக்கு நீயே அக்காவா இருந்துடு."

"ஒண்ணு போதும் சார்."

"வலிக்கவா போகுது?"

"எனக்கு ஒரு தடவ தெரிஞ்சா போதும். வாரம் மூணு தடவ வேணாம்."

முதல் குழியில் கடைச் சரக்கு. அடுத்ததில் அக்கா, யாரும் சொல்லாமல் அவளே வைத்தது. கடைசிக் குழியில் அவள். இயந்திரத்துக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை.

கடைச் சரக்கு சரியாக வந்தது. தராசு தாளை வாங்கிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, ஒரே குழாய ரெண்டு குழில வெச்சிட்டியா?"

இரண்டாவது வரியும் கடைசி வரியும் ஒன்றாக இருந்தன. இரண்டு அளவும் தசமத்தின் கடைசி இலக்கம் வரை. அக்காவின் பதிவில் பன்னிரண்டு வாரம் மூன்று நாள் என்றே இருந்ததால் அவளுக்கு எழுபதில் ஒன்று என்று கணக்கிட்டிருந்தது. கடைசி வரியில் நாள் சரியாக இருந்தது. பதிமூன்று வாரம், ஐந்து நாள். விடையும் இருந்தது. பதினொன்றில் ஒன்று.

"இது நம்ம வேலைல நடக்கறதுதான். பேச்சு வாக்கில கை மாறிடும்." தராசு அவளை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி இரத்தம் எடுத்தார். அவரே ஒட்டுத்தாள் ஒட்டினார், அவரே குழியில் வைத்தார். அக்காவின் குப்பியையும் அவரே எடுத்தார்.

நாற்பது நிமிடம் கழித்து அவர் தாளை அவளிடம் நீட்டினார். இலக்கம்கூட மாறவில்லை.

"பத்துப் பேருக்கு ஒண்ணும் இருக்காதும்மா," என்றார்.

"ஆமா சார். நான் பத்துல இருக்கேனா, பதினொண்ணாவதான்னு கேக்கணும்."

"ஊசியா? வேணாம்னு இருந்தியே."

"இது என் ரத்தம் சொன்னதா, அவ ரத்தம் சொன்னதான்னு எனக்குத் தெரியல. குழந்தைகிட்டேயே கேட்டுடறேன்."

தராசு உறைபெட்டியின் பக்கம் பார்க்காமல் அறையை விட்டுப் போனார்.

அவள் கணவனைப் போனில் கூப்பிட்டு எண்ணையும் ஊசியையும் சொன்னாள். அவன் எங்கோ ஒரு லிஃப்டுக்குள் இருந்தான், குரல் எதிரொலித்தது. "நானும் வர்றேன்" என்றான். பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்து, பதிமூன்று வாரம் ஐந்து நாள் என்று சொன்னாள்.

"பதினஞ்சு வாரம் முடியாம ஊசி போட மாட்டோம்," என்றாள் மறுமுனையில் இருந்த நர்ஸ். "உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. எழுதிக்கவா?"

"எழுதிக்கங்க."

"அதுவரைக்கும் உக்காந்து நாள எண்ணாதீங்க. அது பாட்டுக்குப் போகும்."

"தெரியும்," என்றாள் அவள்.