மேற்கு வரிசை வீடு

பெர்னதெத்துக்கு நிலம் அளக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு கோயில் பங்குக்கே எல்லை போட்டுக் கொடுத்த மகராசி அவள்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலியார்பேட்டையில் அவள் போய்வந்தது ஒரு சின்னக் கிளைக்கோயில். தனிச் சாமியார் கிடையாது. பிரெஞ்சு சாமியார்கள் காலத்துத் தாய்ப்பங்கிலிருந்து ஞாயிறுதோறும் ஒருவர் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த கோயிலுக்குப் பறப்பார். கிளையைத் தனிச் சாமியாரும் தனக்கென்று வீடுகளும் உள்ள தனிப்பங்கு ஆக்கச் சொல்லி ஆறு வருஷம் பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு நடையாய் நடந்தாள் பெர்னதெத். வீடு வீடாக ஏறி முந்நூற்றுப் பத்துக் குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கினாள். எல்லைப் படமும் அவளே வரைந்து, ‘மேற்கே எங்கள் தெரு’ என்று எழுதினாள்.

ஆயர் இல்லத்தில் தெரு என்றால் தெருவின் நடுக்கோடு. ஆணை வந்தது: தெருவுக்குக் கிழக்கே புதுப் பங்கு, மேற்கே பழைய பங்கு. பெர்னதெத்தின் வீடு மேற்கு வரிசையில் இருந்தது.

அலறியடித்துக்கொண்டு ஓடினாள். செயலர் சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

“மேற்கு வரிசை பன்னண்டு வீடும் எழுதிக் குடுத்தா மாத்திடலாம்மா. உங்க ஒரு வீட்டுக்காகக் கோட்ட வளைக்க முடியாது.”

மற்ற பதினோரு வீட்டிலும் கையை விரித்தார்கள். “எங்க ஆளுங்க எல்லாம் பழைய கோயில் கல்லறையிலதான் படுத்திருக்காங்க. நாங்களும் அங்கதான் போவணும். வுட்டுடுக்கா.”

அதற்கு மேல் வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் திட்டித் தீர்த்தாள். தன்னையும் சேர்த்துத்தான்.

புதுப் பங்கின் முதல் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். புதிதாக வந்த பங்குச்சாமியார் விமல்ராஜ் மைக்கைப் பிடித்தார். “இந்தப் பங்கு மக்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க. முதல் ஆசீர்வாதம் உங்களுக்குத்தான்.”

கோயிலே எழுந்தது. பெர்னதெத் மட்டும் உட்கார்ந்திருந்தாள். எதிரே வரிசை வரிசையாக முதுகுகள். எந்த முதுகு எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும்.

எதிர்வீட்டுச் சத்யப்பிரியா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். “எழுந்திரிக்கா.”

“நான் எப்பிடிடி? இது என் பங்கு இல்லியே.”

“நல்லா இருக்கே கத! உன் பங்கு இல்லாமயா இந்தப் பங்கே வந்திச்சி?”

முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெர்னதெத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். எல்லை தாண்டிய பாவத்தைச் சனிக்கிழமை பழைய கோயிலில் சொல்லிக்கொள்ளலாம்.