தம்பி பூட்டிய வாட்ச்

"நாளையிலேர்ந்து நீ முன்னாடி உக்காந்து, வர்ற வண்டியை எழுதிக்க. உள்ள பட்டறைப் பக்கம் வேண்டாம்" என்று முதலாளி சொன்னபோது அவள் கையில் சுத்தியல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் "ஏன்?" என்று கேட்டாள்.

"உன் தம்பி போன் பண்ணினார். இந்த வாரத்துல மூணாவது தடவை. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார்மா பதில் சொல்றது?"

பட்டறையில் அவளை எல்லோரும் டிங்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடிபட்டு வரும் கார், வேன்களின் ஒடுங்கிப்போன தகட்டைத் தட்டி நேராக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகத் தட்டுகிறாள். உள்ளங்கையால் ஒருமுறை தடவினாலே போதும், கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூட அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கையில் பேனாவைக் கொடுத்து உட்காரச் சொல்கிறார்கள்.

எல்லாம் மணிக்கட்டில் கிடந்த அந்த வாட்சால் வந்தது.

நான்கு மாதம் முன்பு வீட்டுக் குளியலறையில் மயங்கி விழுந்தாள். தனியாக இருப்பவள். தோள்பட்டை எலும்பு முறிந்து இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தாள். ரத்தத்தில் சத்துக் குறைவு என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டாள், எலும்பு கூடியது, "இனி வேலைக்குப் போகலாம்" என்று டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் தம்பி இந்த வாட்சை வாங்கி வந்து கட்டிவிட்டிருந்தான். கீழே விழுந்தால் அதுவே கண்டுபிடித்து அலறும். அரை நிமிடத்துக்குள் 'நான் நலம்' என்று தொடாவிட்டால் தம்பிக்குத் தகவல் போய்விடும். கழற்றி வைத்தாலும் அவன் போனுக்குச் செய்தி போகும்.

உள்ளே எதை மாற்ற வேண்டுமானாலும் நான்கு இலக்க எண் கேட்கும். அந்த எண்ணை அவன் அவளிடம் சொல்லவில்லை. "நீ எதையாவது அமுக்கி அணைச்சு வச்சிடுவக்கா. உன்னைத் தெரியாதா எனக்கு?" என்று சிரித்தான். அப்போது கையில் கட்டுப் போட்டுக் கிடந்ததால் அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகுதான் வினையே. அவள் ஓங்கித் தட்டும்போதெல்லாம் அவள் விழுந்துவிட்டதாக வாட்ச் நினைத்தது. தகடு தேய்க்கும் கிரைண்டர் சத்தத்தில் அதன் அலறல் காதில் விழாது. விழுந்தாலும் கையுறையோடு தொட்டால் திரைக்கு உறைக்காது. அவள் வேனின் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஊரின் மறுகோடியில் தம்பியின் போன் 'உங்கள் அக்கா விழுந்துவிட்டார்' என்று சொல்லும். அவன் உடனே முதலாளியைக் கூப்பிடுவான்.

முதலாளி போனதும் அவள் பெயின்ட் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். பெயின்ட்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவளுக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்கிறவர்.

"என்னம்மா, மூஞ்சி சிவந்து கிடக்கு?"

"இந்தச் சனியனை அணைக்கணும்ண்ணே. நம்பர் தெரியல."

"தம்பியைக் கேளேன்."

"கேட்டேன். 'இப்ப வேண்டாம்க்கா'ங்கறான். என் கையில இருக்கறதுக்கு அவன் எப்ப வேணும், எப்ப வேண்டாம்னு சொல்றான்!"

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவளே முயன்றாள். தம்பி பிறந்த வருடம். தவறு. அவன் மகள் பிறந்த வருடம். தவறு. அவன் வண்டி எண். தவறு. 'ஒரு நிமிடம் கழித்து முயலவும்' என்றது வாட்ச். அடுத்த தவறுக்கு ஐந்து நிமிடம். அதற்கடுத்து ஒரு மணி நேரம்.

"நீ பிறந்த வருஷம் போட்டுப் பாத்தியா?" என்றார் பெயின்ட்டர்.

"அவனுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது!" என்றாலும், ஒரு மணி நேரம் கழித்து அதையும் போட்டாள். அதுவும் இல்லை. திரை கறுத்து 'முடக்கப்பட்டது' என்று ஒரே வார்த்தை வந்தது. இப்போது மணிகூடக் காட்டவில்லை.

மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்து பதினோரு வண்டிகளை எழுதினாள். வந்த ஆள் ஒருவர் அவளைப் பார்த்து, "டிங்கர் வேலை செய்யற ஆளைக் கூப்பிடும்மா" என்றார். அவள் எழுந்து, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மூன்று தெரு தள்ளியிருந்த பழுதுபார்க்கும் கடைக்குப் போய்விட்டாள்.

கடையில் கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி வாட்சைப் புரட்டிப் பார்த்தாள்.

"பாஸ்கோடு மறந்துட்டா ஒரே வழிதான்க்கா. சார்ஜர்ல வச்சு இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சு, மொத்தத்தையும் அழிச்சிடலாம். ஆனா அழிச்சப்புறம், யார் கணக்குல இருக்கோ அவங்க பாஸ்வேர்டு கேக்கும். அது இல்லாம திறக்காது. திருட்டுப் போனா யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க."

"இது என்னுது."

"பில் இருக்கா?"

"தம்பி பேர்ல இருக்கும்."

"கணக்கு?"

"தம்பியுது."

"போன்?"

"அவன் போன்லதான் சேர்த்திருக்கான்."

அந்தப் பெண் சங்கடமாகச் சொன்னாள்: "அப்ப உங்க பேர் எதுலயுமே இல்லையேக்கா."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டிங்கர் அக்காவுக்குக் காது வரை சூடேறியது. "அழிம்மா" என்றாள். அழிந்து, மறுபடி உயிர் பெற்ற திரையில் தம்பியின் மின்னஞ்சல் முதல் எழுத்தும் வரிசையாக நட்சத்திரங்களும் தெரிந்தன.

இரண்டு பஸ் மாறித் தம்பி வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் போனாள். அவன் ஒரு பெரியவருக்கு மாத்திரையைக் கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் உறையை நழுவ விட்டான்.

"அக்கா! காலையிலேர்ந்து வாட்ச்ல ஒண்ணுமே வரல, நான்…"

"பாஸ்வேர்டைப் போடு." வாட்சைக் கண்ணாடி மேசை மீது வைத்தாள்.

"வீட்ல பேசலாம்க்கா. இது கடை."

"என் பட்டறையும் கடைதான்டா. அங்க போன் பண்றப்ப இது தோணலையா? என்ன சொன்ன முதலாளிகிட்ட?"

அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் நகர்வதாக இல்லை.

"உனக்கு அடிக்கடி மயக்கம் வருதுன்னு… பாரமான வேலை தர வேண்டாம்னு…"

"அடிக்கடியா? ஒரே ஒரு தடவை! டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீயும்தானே படிச்ச? பொய் சொல்லி என் வேலையைப் பிடுங்கி, என்னை வாசல்ல உக்கார வச்சுட்டல்ல?"

"நீ அன்னைக்கு எப்படிக் கிடந்தேன்னு உனக்குத் தெரியாதுக்கா!" அவன் குரலும் உயர்ந்துவிட்டது. "போனை எடுக்கலைன்னு ஓடி வந்து கதவை உடைச்சவன் நான். உதடெல்லாம் நீலமா இருந்துச்சு. கூப்பிடறேன், கண்ணைத் திறக்கல. போயிட்டேன்னே நெனச்சேன். இது ஒவ்வொரு தடவை அடிக்கறப்பவும் எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள வருது."

 இதை அவன் இதுவரை சொன்னதில்லை. ஆனாலும் கோபம் இறங்கவில்லை, அதுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது.

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும்டா. என்னைப் பூட்டி வைக்கக் கூடாது. போடு."

அவன் போட்டான். ஒருமுறை தவறாகி, மறுபடி போட்டான். வாட்ச் அவன் கணக்கிலிருந்து கழன்றது. அவள் தன் போனை எடுத்து, கடைப் பெண் சொல்லிக் கொடுத்தபடியே அதில் சேர்த்தாள். புதிய பாஸ்கோடு கேட்டபோது திரும்பி நின்றுகொண்டு ஆறு இலக்கம் போட்டாள்.

"என்ன நம்பர்க்கா?"

"சொல்ல மாட்டேன்."

"அவசரத்துக்கு…"

"அவசரத்துக்கு நம்பர் தேவையில்ல. விழுந்தா அதுவே கத்தும். நீதானே சொன்ன?"

வேலை நேரத்தில் மட்டும் அலறாதபடி வைத்தாள். வீட்டில் எப்போதும் விழித்திருக்கும்படி வைத்தாள். விழுந்தால் யாருக்குச் சொல்ல என்று கேட்டதற்குப் பெயின்ட்டரின் எண்ணை முதலில் போட்டாள்.

"வெளியாளையா?" என்றான் தம்பி. முகம் விழுந்துவிட்டது.

"அவர் எங்க தெருவுலதான் இருக்கார். நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ரெண்டாவதா நீ இருக்க, போதும்."

பெரியவர் தன் உறையைத் தானே எடுத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு ரெண்டா, மூணாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். தம்பி பதில் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

பட்டறைக்கு வந்ததும் டாக்டர் சீட்டை முதலாளி முன் வைத்தாள்.

"என் உடம்பைப் பத்தி என்கிட்டயே கேட்டிருக்கலாமே சார்? பத்தொன்பது வருஷமா இங்கதானே நிக்கறேன்."

"கூடப்பிறந்தவரு சொல்றாரேன்னுதான்மா…"

"உங்க தங்கச்சி போன் பண்ணி உங்களுக்கு மயக்கம் வருதுன்னு சொன்னா, கடைச் சாவியை எடுத்து எங்ககிட்ட குடுத்துடுவீங்களா?"

முதலாளி சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு, "போம்மா, வேலையைப் பாரு" என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவும் அவள் மனதில் ஒரு கோபம் தனியாக ஏறி உட்கார்ந்தது.

உள்ளே போனால், முந்தின நாள் பாதியில் விட்ட வேன் கதவைப் பார்த்து வயிறு எரிந்தது. அவள் இல்லாத நேரத்தில் யாரோ பள்ளத்தைத் தட்டாமலே புட்டிப் பசையைக் கனமாகப் பூசி மூடியிருந்தார்கள். ஒரு மழைக்காலம் போனால் பாளம் பாளமாக விழும். யார் பூசியது என்று கேட்டால் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தட்டினாள். பொழுது சாயும் வரை ஒருவரும் அவள் பக்கத்தில் வரவில்லை.

பதினோரு நாள் தம்பி பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவன் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, அவர் ஒழுங்கா சாப்பிடறதே இல்ல. உங்க முதலாளிக்கு அவரே போன் பண்ணி, சொன்னது தப்புன்னு சொல்லிட்டாராம். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"அதை அவனே என்கிட்ட சொல்லட்டும். வாய் இல்லையா அவனுக்கு?"

"இங்கதான் நிக்கறார். குடுக்கட்டுமா?"

போன் கைமாறியது. பிறகு, "அக்கா" என்றான்.

"கோபம் இன்னும் தீரலடா" என்றாள் அவள். "இருந்தாலும் சொல்லு. கேக்கறேன்."