பார்க்காமல் எழுதிய ஆழம்

ஸம்றா மூன்றாவது வாளித் தண்ணீரை இறக்கி வைத்தபோது, அன்று காலை மவுத்தான அவளுடைய அக்கா ஹப்ஸாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஊர் மூதாட்டி ஆயிஷா உம்மா நிமிர்ந்தார்.

"ராத்தாட்ட பொருத்தம் கேக்க ஏதும் இருந்தா கேட்டிரு மகள்."

இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒன்று ஐம்பது வருடமாக இருந்தது.

கல்முனைப் பக்கத்திலிருந்து நிலத்தடி நீரை ஆராயப் போன முதல் பெண் ஹப்ஸா. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாப்பாவின் பழைய கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, தினமும் அதிகாலையில் சுபஹ் தொழுத கையோடு வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கொப்பியில் குறிப்பாள். இந்தப் பெட்டைக்கு விசர் என்று ஊரே சிரித்தது. பட்டம் படிக்கக் கம்பஸுக்குப் போகும்போது கயிற்றையும் கொப்பியையும் பதினொரு வயது ஸம்றாவிடம் கொடுத்து, ஒரு நாளும் தவற விடாதே என்று சொல்லிப் போனாள்.

ஸம்றாவுக்குக் கிணற்றின் இருட்டை எட்டிப் பார்க்கவே ஈரக்குலை நடுங்கும். குசினி அடுப்பருகே குந்திக்கொண்டு வாயில் வந்த இலக்கத்தை எழுதி வைப்பாள். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஹப்ஸாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் ஆய்வு அந்தக் கொப்பியை நம்பித்தான் எழுதப்பட்டது. ஒவ்வொரு பாராட்டுக் கூட்டத்திலும் ஸம்றா முன்வரிசையில் இருந்து வெந்து போனாள்.

இப்போது ஹப்ஸாவின் காதருகே குனிந்தாள்.

"ராத்தா, நான் ஒரு நாளும் கிணத்தடிக்குப் போகல்ல. எல்லாம் பொய். என்னப் பொருந்திக்கங்க."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைப்புச் சேலையைப் பிடித்து நின்ற ஹப்ஸாவின் மாணவி றிஸ்னா திரும்பிப் பார்த்தாள்.

"பொய்யா? இல்ல ஆன்ட்டி. லீவுல வரக்குள்ள, நீங்க எழுதின கையோட மேடம் ஒளிச்சுப் போய் அளந்து பாப்பாவாம். ஒரு அங்குலம் பிசகல்லயாம். என்ட தங்கச்சியப் போல அளக்கப் பழகுங்கண்டு எங்களுக்குச் சொல்லுவா."

ஸம்றாவின் அழுகை நின்றுவிட்டது. குசினியில் அவள் தனியாகத்தான் இருந்தாள். இலக்கங்கள் தானாக வாயில் வந்தன என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், அவை முதலில் காதில் விழுந்தது போலிருந்தது. யாரோ பொறுமையாக, சின்னப் பிள்ளைக்கு விளங்கும்படி சொன்னது போல.

"இன்னொரு வாளி கொண்டா மகள்," என்றார் ஆயிஷா உம்மா.

ஸம்றா அசையவில்லை. றிஸ்னாதான் கிணற்றடிக்குப் போய் அள்ளி வந்தாள்.

குளிப்பாட்டி முடித்து வெள்ளைக் கபன் துணியில் கிடத்தினார்கள். ஸம்றா பெண்களை விலக்கிக்கொண்டு வந்து மறுபடியும் குனிந்தாள்.

"ராத்தா, அப்ப எனக்கு ஆரு சொன்ன?"

ஹப்ஸாவின் இரண்டு காதுகளிலும் பஞ்சு வைத்தாகியிருந்தது.