ராஜாம்பாள் பேருக்கு வந்த மழை

தொண்டூர் சமுதாயக் கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் வந்திருந்தன. யாராவது கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தால் பின்னாலேயே ஏதோ ஒன்றுக்கு ஆமாம் சொல்ல வேண்டி வரும் என்பது ராஜாம்பாளின் அனுபவம். அதனால் அவள் டீயை மட்டும் குடித்துவிட்டு பிஸ்கட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காத்தாயியிடம் தள்ளிவிட்டாள்.

சென்னையிலிருந்து ரஞ்சனி என்ற மேடம் டேப்லெட்டும் கையுமாக வந்திருந்தார். 'மழைத்தோழி' திட்டத்தால் பெண் விவசாயிகளுக்கு என்ன பிரயோஜனம் என்று விசாரித்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. வாரத்துக்கு ஒரு தடவையாவது காலை ஆறு பத்துக்கு போன் வரும். எடுத்தால் ஒரு குரல் மழை வருமா, காற்று அடிக்குமா, மருந்து தெளிக்கலாமா, மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கலாமா என்று இரண்டு நிமிஷம் சொல்லும். இரண்டு வருஷமாக நடக்கிறதாம். 'நடக்கிறதாம்' என்பதற்கு மேல் ராஜாம்பாளுக்குத் தெரியாது. அந்தக் குரல் ஆணா பெண்ணா என்றுகூட அவள் அறிந்ததில்லை.

முந்தின நாள் சாயங்காலமே திரிசலா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திரிசலா உள்ளூர்ப் பெண், வாசுபூஜ்யனின் மகள். செஞ்சியில் டிகிரி முடித்துவிட்டு இந்தத் திட்டத்தில் வேலை பார்க்கிறாள்.

"அக்கா, கேட்டா நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. இல்லன்னா மூட்டய கட்டிக்கினு போயிடுவாங்க. என் வேலயும் அதோட சரி."

அந்தப் பெண்ணின் வேலை போவதில் ராஜாம்பாளுக்கு என்ன சந்தோஷம்? ஆனால் அவள் மனசெல்லாம் முக்கால் ஏக்கர் மல்லாட்டையில் இருந்தது. இன்னும் பத்து நாளில் பிடுங்கியாக வேண்டும். போன ஐப்பசியில் இப்படித்தான் பதினாலு ஆளை விட்டுப் பிடுங்கிப் போட்டாள். அன்று ராத்திரி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. செடியோடு கிடந்த காய் அத்தனையும் கறுத்து, பூசணம் பூத்து, பாதி முளை விட்டுவிட்டது. அவள் வானத்தைத் திட்டினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். போதாததற்கு வீட்டுக்காரர் தாண்டவராயன், "உனுக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று வருஷம் முழுக்க, சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டினார். இந்தத் தடவையும் மழையில் விட்டால் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானமாகச் சொல்லியும் விட்டார். அது அவள் அம்மா அவளுக்கென்று எழுதி வைத்த நிலம்.

"ராஜாம்பாள் அம்மா யாரு?" ரஞ்சனி சிரித்த முகத்தோடு தேடினார். "இந்த வட்டாரத்துலயே நீங்கதான் முதல். நூத்திப் பன்னிரண்டு கால் வந்திருக்கு. அத்தனையும் கடைசி வரைக்கும் கேட்டிருக்கீங்க. உங்கள வச்சு ஒரு வீடியோ எடுக்கப் போறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். திரிசலா கண்ணாலேயே கெஞ்சினாள். ராஜாம்பாள் எழுந்து நின்றாள்.

"போன ஐப்பசி மழைக்கு முன்னாடி அது ஏதாச்சும் சொல்லிச்சா மேடம்?"

ரஞ்சனி டேப்லெட்டில் தேடினார். "ஓ, சொல்லியிருக்கே! அக்டோபர் இருபத்தொண்ணு. 'நாளை மாலை முதல் மூன்று நாள் பலத்த மழை. மல்லாட்டை பிடுங்குவதைத் தள்ளிப் போடுங்கள்.' மறுநாள் காலையிலயும் அதே சேதி. ரெண்டையும் முழுசா கேட்டிருக்கீங்க."

இருபத்திரண்டாம் தேதிதான் அவள் பிடுங்கியது. ராஜாம்பாளுக்குக் காது இரண்டும் சூடேறிப் போனது.

"அடிப்பாவி, நெசமாவே உனுக்குத் தெரியாதா?" என்றாள் காத்தாயி. "உன் வூட்டுக்காரரு டீக்கடையில சொன்னாருன்னுதான் எங்க வூட்டுல பிடுங்கறத நிறுத்துனாங்க. நீ தெரிஞ்சேதான் எறங்கினேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஆக, ராஜாம்பாள் பேருக்கு வந்த மழை டீக்கடை வரைக்கும் போய் ஊரான் கொல்லையைக் காப்பாற்றியிருக்கிறது. அவள் கொல்லைக்கு மட்டும் வழி தெரியவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூடமே போதாது.

"எழுதிக்குங்க மேடம். நான் ஒரு கால்கூட கேட்டதில்ல."

"அம்மா, இதுல 'பயன்பட்டது', 'பயன்படவில்லை'ன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"அப்ப மூணாவதா ஒண்ணு போடுங்க. 'வந்து சேரவே இல்ல'ன்னு."

"இப்படி எழுதினா திட்டமே நின்னாலும் நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும். எனுக்கு வராத போன் நின்னா எனுக்கு இன்னா நஷ்டம்?"

ரஞ்சனிக்குக் குழப்பம். "நம்பர் உங்க பேர்லதானே பதிவாகியிருக்கு?"

பதிவானது அவள் பேரில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் களையெடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் திரிசலா வந்து நம்பர் கேட்டாள். எல்லோரும் நிமிராமலேயே சொன்னார்கள். சொன்னது ரேஷன் கார்டில் இருக்கிற நம்பர். கேஸுக்கு அதுதான், பள்ளிக்கூடத்துக்கு அதுதான், பேங்குக்கும் அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பத்து எண்தான் வாயில் வரும். அது யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

"இப்ப அடிச்சுப் பாருங்க மேடம்," என்றாள் ராஜாம்பாள். "இருபத்திரண்டு பேரும் இங்கதான இருக்கோம். எவ கையில அடிக்குதுன்னு பார்த்துடலாம்."

ரஞ்சனி தயங்கினார். பிறகு தன் போனை எடுத்துக் காத்தாயியின் நம்பரை அழுத்தினார். கூடத்துக்குள் சத்தமே இல்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் ஒரு போன் சினிமாப் பாட்டோடு அலறியது. அடுத்த நம்பர், அதே டீக்கடை. அடுத்தது அவலூர்பேட்டை போகிற பஸ்ஸில் எடுக்கப்பட்டது. அதற்கடுத்தது தெருவில் போன ஒரு டிராக்டரை நிறுத்தியது. எட்டு நம்பர் போட்டார். எட்டும் ஆம்பளைக் குரல்.

திரிசலா எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் பிசிறவில்லை. "தப்பு என்னுது மேடம். நான்தான் கேட்டு எழுதினேன். எங்க அம்மா லீலாவதி பேர்ல இருக்கறதும் எங்க நைனா நம்பர்தான். அதயும் எழுதிக்குங்க."

ராஜாம்பாள் அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என் நம்பரப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கறாப்ல."

ரஞ்சனி ஸ்பீக்கரைப் போட்டார்.

"அலோ, யாரு?"

"ராஜாம்பாள் இருக்காங்களா?"

"அது மழைக் கூட்டத்துக்குப் போயிருக்குது. இன்னா விஷயம்? எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. ராஜாம்பாள் சிரிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டாள்.

"போன ஐப்பசியிலயும் இப்படித்தான் சொல்லிக்கிறேன்னு இருந்தீங்களா?"

"யாரு... ராஜாம்பாளா?"

"நான்தான். மழை வரும்னு ரெண்டு தடவ கேட்டீங்களாமே. டீக்கடைக்கெல்லாம் சொன்னீங்களாமே. பதினாலு ஆளுக்குக் கூழு கரைச்சிக்கினு நின்னனே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே," என்றார் தாண்டவராயன்.

இப்போது ஒருத்தியும் சிரிக்கவில்லை. ரஞ்சனி எழுதுவதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். வருஷம் முழுக்கத் தன் அவசரத்தைத் தானே திட்டிக்கொண்டது ராஜாம்பாளுக்கு ஞாபகம் வந்தது. இனி ஒரு நாளும் அப்படித் திட்டிக்கொள்வதாக இல்லை.

"சரி. அந்த போன எடுத்துக்கினு இப்பவே இங்க வாங்க. மல்லாட்ட பிடுங்கி, காஞ்சு, வூடு வந்து சேர்ற வரைக்கும் அது என் இடுப்புலதான் இருக்கும். அப்புறமும் ஆறு பத்துக்கு எங்கிட்டதான் இருக்கும்."

"அப்ப எனுக்கு எப்படித் தெரியறது?"

"என்னக் கேளுங்க," என்றாள் ராஜாம்பாள். "கேட்டா சொல்றேன்."