மட்டியில்லாத குழம்பு

“மட்டி எங்கே அர்மெல்?” என்று கேட்டார் மொரிஸே, கரண்டியால் குழம்பைத் துழாவிக்கொண்டே.

“கடல்ல இருக்கு ஐயா.”

“போன வருஷம் தட்டு நிறையப் போட்டீங்களே.”

“போன வருஷம் பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள் போட்டி வச்சீங்க. ஆட்டுத்தீவு வரைக்கும் நடந்து போய்ப் பொறுக்கிட்டு வந்தேன். இந்த வருஷம் பாதி நிலா. தண்ணி செத்துக் கிடக்கு, ஏறவும் மாட்டேங்குது இறங்கவும் மாட்டேங்குது. மட்டிப்பாறை நாலு நாளா தலையக் காட்டல. முங்கியா எடுத்துட்டு வர முடியும்?”

மருந்துக்கடை லெனாயிக் வாயில் ரொட்டியோடு சிரித்தாள். துணை மேயர் ஜோசேப் சிரிக்கவில்லை. அவர் தட்டில் இரண்டாவது விலாங்குத் துண்டு இருந்தது. மொரிஸே பெரிய நகரத்தில் ஓவியம் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். இந்தக் கெர்ஸவெல் கடற்கரை ஊருக்கு வந்து பத்து வருஷமாகியும் கடல் எப்போது வரும் எப்போது போகும் என்று அவருக்குத் தெரியாது. அலையை அழகு என்பார், அவ்வளவுதான்.

“மட்டியில்லாத கொத்ரியாத்து நல்லாத்தான் இருக்கு,” என்றார், மன்னிப்பவர் போல.

கொத்ரியாத்து என்றால் அந்தக் கரையோரத்து மீன்குழம்பு. காலை ஆறு மணிக்கே எழுந்து விலாங்கை உரித்து, வெங்காயத்தை உப்பு வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கு பாதி வெந்ததும் மீனைக் கடினமானது முதலில், மென்மையானது கடைசியில் என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்த குழம்பு அது. பதினாறு வருஷமாக அவள்தான் வைக்கிறாள். ஜூன் மூன்றாவது சனிக்கிழமை ஊரில் ஓவியப் போட்டி. காலை எட்டு மணிக்குப் பஞ்சாயத்தில் வெறும் கான்வாஸின் முதுகில் முத்திரை குத்துவார்கள். வாங்கிக்கொண்டு போய்க் கரையில் நின்று, கண்ணெதிரே இருப்பதை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்து, மாலை ஐந்துக்குள் ஈரத்தோடு கொடுத்துவிட வேண்டும். மறுநாள் மதியம் நடுவர் மூவரும் அர்மெல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டபடியே தீர்மானிப்பார்கள். ஜெயித்த படம் பஞ்சாயத்துச் சபை அறையில் தொங்கும், என்றென்றைக்கும்.

படங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நாலு வருஷமாக அர்மெலின் கணவன் குல்வெனும் போட்டியில் நிற்கிறான். தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றபின் பிடித்த பைத்தியம் அது. அதனால் நடுவர்கள் வந்துபோகும் வரை அவன் தோட்டத்துக் கொட்டகையில் இருக்க வேண்டும் என்று அவளே விதி போட்டிருந்தாள். “குழம்பு ஊத்திப் பரிசு வாங்கப்போறா” என்று மீன்சந்தையில் கேலி செய்வார்கள். “அவன் படத்துக்குப் பரிசு வாங்கணும்னா குழம்பு பத்தாதுடி, தங்கமே ஊத்தணும்” என்பாள் அர்மெல். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் ஒருமுறைகூடப் பத்துக்குள் வந்ததில்லை.

ஜோசேப் பதினொன்றரைக்குத்தான் படங்களைக் கொண்டுவந்து சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார். அடுப்படியை விட்டு அவளால் நகர முடியவில்லை. இப்போதுதான் ரொட்டிக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படம் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. குழம்பை ருசி பார்ப்பது மாதிரிதான்: முதல் வாயில் ஒன்று தெரியும், விழுங்கிய பிறகு இன்னொன்று தெரியும்.

ஒன்பதாம் எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மீன்சந்தையில் பனிக்கட்டி உடைக்கிற சொய்சிக்குடையது. நேற்று மதியம் படகுத்துறைச் சரிவில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். அர்மெல்தான் வெண்ணெய் தடவிய ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். “கை கழுவ நேரமில்லக்கா, ஊட்டிவிடு,” என்று வாயைத் திறந்தவள். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. துருப்பிடித்த சங்கிலி, பாதி வரை ஏறி நிற்கும் தண்ணீர், வெயில் இல்லாத வானம். ஆனால் அந்தத் தண்ணீரின் சாம்பல் நிறத்துக்குள் லீக்கு கீரை வெந்த தண்ணீரின் பச்சை இருந்தது. கெர்ஸவெல் கடலுக்கு மழை நாளில் அந்த நிறம்தான். வருஷா வருஷம் நாற்பது பேர் வரைகிறார்கள், அதை ஒருத்தர்கூடப் பிடித்ததில்லை.

“அதோ, அதுதான்,” என்றார் மொரிஸே. “பதினாலு. வேற பேச்சே இல்ல.”

“எனக்கும் அதான்,” என்றார் ஜோசேப்.

அர்மெல் திரும்பிப் பார்த்தாள். ஆட்டுத்தீவு. கரையிலிருந்து தீவு வரை மணல்திட்டு வெளியே வந்து ஈரத்தில் பளபளக்கிறது. மட்டிப்பாறை முழுசாக நிற்கிறது, இடுப்பு வரை பொன்நிறப் பாசி கட்டிக்கொண்டு. பாறையின் காலடியில் உச்சிவெயிலின் குட்டை நிழல். நல்ல படம். முதல் வாயில் அவளுக்கும் இனித்தது. மேகங்களைப் பார்த்தாள். எல்லாமே அடிப்பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாக இருந்தன. அப்படி மேகம் போடுகிறவன் இந்த ஊரில் ஒருத்தன்தான், அவன் கொட்டகையில் இருக்கிறான்.

அப்புறம் பாறையை மறுபடி பார்த்தாள். கூடையிலிருந்து ஒரு ரொட்டித்துண்டு கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

“ரொட்டி அர்மெல்?” என்றாள் லெனாயிக்.

“வரேன்.”

கூடையை மேசையில் வைத்துவிட்டு அடுப்படி வழியாகத் தோட்டத்தில் இறங்கினாள். கொட்டகைக் கதவைத் தட்டவில்லை.

குல்வென் பழைய சாய்வு நாற்காலியில் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளே கொடுத்தனுப்பிய குழம்பு.

“பதினாலு உன்னோடதா?”

“நீ கேக்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது. விதின்னு நீதானே சொன்ன.”

“விதியப் பத்தி நீ பேசாத. உன்னோடதா?”

அவன் கரண்டியை வைத்தான். “பிடிச்சிருக்கா அவங்களுக்கு?”

“மட்டிப்பாறை ஏன் வெளிய நிக்குது குல்வென்?”

அவன் தட்டைப் பார்த்தான்.

“நேத்து நீ கரைக்கே போகல.”

“போனேன். ரெண்டு மணி நேரம் நின்னேன். மழை. காத்து கான்வாஸப் பிடுங்குது. சாம்பல் தண்ணி, சாம்பல் வானம். அதுல என்னத்த வரையச் சொல்ற? மார்ச்சுல கடல் பெரிசா வத்தினப்ப எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு. இங்க உக்காந்து வரைஞ்சேன். என் கைதானே வரைஞ்சுது? பக்கத்து வீட்டுக்காரன் கையா?”

“சொய்சிக் அதே சாம்பலத்தான் வரைஞ்சிருக்கா. அதே மழையில நின்னு.”

“அவ சின்ன வயசு. என் முட்டி உனக்குத் தெரியாதா?”

“முட்டி வலிச்சா வீட்டுக்கு வந்து படு. யாரு உன்ன வரையச் சொன்னா?”

“யாருக்கும் தெரியாது அர்மெல்.”

“மட்டி பொறுக்குற அத்தனை பொம்பளைக்கும் தெரியும். படத்துக்குக் கீழ தேதி போட்டு மாட்டுவாங்க. தேதியப் பாப்பாங்க, பாறையப் பாப்பாங்க, அப்புறம் என்னப் பாப்பாங்க. பதினாறு வருஷமா இவ எதுக்குச் சோறு போட்டான்னு இப்பப் புரியுதுன்னுவாங்க. அந்தப் பேச்ச நீ கேக்க மாட்ட. மீன்சந்தைக்கு நீயா போற?”

குல்வென் எழுந்திருக்கவில்லை. மெல்லச் சொன்னான்: “ஒரே ஒரு தடவை ஜெயிக்கக் கூடாதா நான்?”

நாற்பது வருஷத்தில் அவன் எதையும் கேட்டுப் பெற்றவனில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் மேலே ஏறியது.

“ஜெயி. நேத்து கரையில நின்னு வரைஞ்சதுல ஜெயி. இப்பக் காப்பி போடப்போறேன். நான் கோப்பைய மேசையில வைக்கிறதுக்குள்ள நீயா வந்து சொல்லிடு. ‘தப்பு பண்ணிட்டேன், எடுத்துக்கிறேன்’, அவ்வளவுதான். மூணு வார்த்தை. நீ சொன்னா நான் உன் பக்கத்துல நிப்பேன்.”

“வரலன்னா?”

“வா.”

அடுப்படிக்கு வந்து உலர்ந்த பிளம்ஸ் போட்ட ஃபார் கேக்கை அடுப்பிலிருந்து எடுத்து மெல்ல வெட்டினாள். மின்சார அரவை இருக்கும்போதே கையால் சுற்றும் அரவையை எடுத்தாள். காப்பிக்கொட்டையைப் போட்டுச் சுற்றினாள். பின்வாசலைப் பார்த்தாள். திரை அசையவில்லை. சுடுதண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கோப்பைகளைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். சர்க்கரைக் கிண்ணத்தை விட்டுவிட்டுப் போய், எடுக்கத் திரும்பி வந்தாள். திரை அப்படியேதான் இருந்தது.

மேசையில் கடைசிக் கோப்பையை வைத்தபோது சத்தம் கொஞ்சம் பலமாகவே வந்தது.

“பதினாலாம் படம் நேத்து வரைஞ்சது இல்ல,” என்றாள்.

மொரிஸே புன்னகைத்தார். “எப்படிச் சொல்றீங்க?”

“மட்டிப்பாறை வெளிய நிக்குது. நேத்து உச்சிவேளைக்கு வெயிலே இல்ல, அது தண்ணிக்குள்ள இருந்துச்சு.”

“ஓவியன் கேமரா இல்லம்மா. கடல இறக்கவும் ஏத்தவும் அவனுக்கு உரிமை உண்டு. அதுதான் கலை.”

“உரிமை இருக்கட்டும். அப்புறம் எதுக்குக் காலைல எட்டு மணிக்கு எல்லாரையும் வரிசைல நிக்க வச்சு முதுகுல முத்திரை குத்துறீங்க? வீட்டுல சூடா உக்காந்து வரைஞ்சு அனுப்பச் சொல்லிடலாமே.”

“அர்மெல், நான் உங்க சமையல்ல தலையிடறேனா?”

“தலையிட்டீங்களே. மட்டி எங்கேன்னு கேட்டீங்க. நான் பதில் சொன்னேன். அதே கேள்விய அந்தப் படத்தக் கேளுங்க.”

லெனாயிக் தன் தட்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். “ஆமாங்க,” என்றாள் மெதுவாக. “வெள்ளிக்கிழமை நானும் பொறுக்கப் போனேன். முழங்காலுக்கு மேல தண்ணி. திரும்பிட்டேன்.”

அர்மெல் ஒன்பதாம் படத்தை எடுத்து மேசையருகே பிடித்தாள். “கிட்ட வந்து பாருங்க. சாயத்துல மணல் ஒட்டியிருக்கு. இந்தக் குழி குழியா இருக்கிறது மழைத்துளி விழுந்த தடம். வானத்துல ஒரு கொசு கூடச் செத்துக் கிடக்கு. அதையும் பாருங்க.” பதினாலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். “இதுல மணல் எங்க? நேத்து அடிச்ச காத்துல ஆட்டுத்தீவுக்கு எதிர்ல நின்னு வரைஞ்சவன் சாயத்துல ஒரு பொடி கூட ஒட்டலையாம்.”

“அர்மெல், கொஞ்சம் பொறு,” என்றார் ஜோசேப். “யாரோடதுன்னு தெரியாம பழி போடாத. நாளைக்கு அந்த ஆள் வந்து நம்ம சட்டையப் பிடிப்பான்.”

“தெரியும். என் வீட்டுக்காரரோடது.”

ஜோசேப் ஃபாரில் ஒரு துண்டு வாயில் போட்டிருந்தார். மென்று முடிக்க நேரமானது.

மொரிஸேதான் முதலில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சரி. இது நமக்குள்ள இருக்கட்டும். சத்தமில்லாம மூணாவது இடத்துக்கு இறக்கிடலாம். யார் மனசும் நோகாது. உங்களுக்கும் மரியாதை.”

அர்மெலுக்குக் காதுமடல் சூடானது.

“எனக்கு மரியாதையா? நேத்து மழையில முப்பது பேர் நின்னாங்க. ஒருத்தி பனிக்கட்டி உடைச்ச கையோட வந்து நின்னா. அவங்க மனசுக்கு நோவு கிடையாதா? மூணாவதுன்னா திருட்டு கொஞ்சமா ஆயிடுமா? என் வீட்டு மேசையில உக்காந்து, என் கைச்சோறத் தின்னுட்டு, என் புருஷன் செஞ்ச பொய்ய எனக்கே பரிசாக் குடுக்கறீங்களே ஐயா. மரியாதைன்னு அதுக்குப் பேர் வேற.”

“இவ்வளவு கோபப்படணுமா?”

“இன்னும் பட ஆரம்பிக்கல.”

பதினாலாம் படத்தைச் சட்டத்தோடு தூக்கினாள். விரல் பட்ட இடத்தில் ஈரச் சாயம் ஒட்டியது. “மிச்சம் இருக்கிறதப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க. இந்த ரூம்ல நான் இருக்க மாட்டேன். யாருக்குக் குடுத்தீங்கன்னு அஞ்சு மணிக்குப் பஞ்சாயத்துல எல்லாரோடயும் நின்னு கேட்டுக்கிறேன்.” அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது கேட்டது.

பின்வாசலில், திரைக்கு உள்பக்கம், குல்வென் நின்றிருந்தான். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் காலுறையோடு நின்றான். தொப்பி கையில் இருந்தது. தலைமுடியைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தான்.

அர்மெல் படத்தை மேசைமேல் வைத்தாள்.

“எப்ப வந்த?”

“இப்பத்தான்.”

“எப்பன்னு கேட்டேன்.”

“நீ சர்க்கரை எடுக்க வந்துட்டுப் போன பிறகு.”

“நான் கோப்பைய வைக்கிறதுக்கு முன்னாடி.”

“ஆமா.”

“உள்ள வந்திருக்கலாம்.”

“கதவுப் பிடியத் தொட்டேன். அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சிட்ட.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். “நீதான் எல்லாத்தையும் சொல்லிட்டியேன்னு நின்னுட்டேன்.”

அவள் அவனையே பார்த்தாள். படம் பொய் என்று தெரிந்தபோது வந்தது வேறு கோபம். அதற்குக் கத்த முடிந்தது. இது கத்துவதற்கு இடமில்லாத கோபம். கதவுக்கு இந்தப் பக்கம் சீவிய தலையோடு நின்று, பெண்டாட்டி தன்னை ஊரார் முன் உரிப்பதை முழுசாகக் கேட்டுவிட்டு, வேலை மிச்சம் என்று நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறான்.

“‘என் வீட்டுக்காரரோடது’ன்னு நான் சொன்னப்பவும் நின்னுட்டுதான் இருந்த.”

“இருந்தேன்.”

“மூணாவது இடம்னு அவர் சொன்னப்ப?”

மூன்றாவதாவது கிடைக்கட்டுமே என்று அந்த நேரம் அவன் ஆசைப்பட்டது முகத்திலேயே எழுதியிருந்தது.

அர்மெல் கையைத் துடைத்தாள். சாயம் போகவில்லை. துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு விரல் விரலாக அழுத்தித் தேய்த்தாள். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“மணி மூணுதான் ஆகுது. எங்க போற?”

“சொய்சிக் வீட்டுக்கு. நீ பண்ணினத அவ மீன்சந்தையில கேள்விப்படக் கூடாது.”

“அவ கிட்ட நானே சொல்றேன் அர்மெல். நானும் வரேன்.”

“வா. நீதான் பேசணும். நான் வாயத் திறக்க மாட்டேன்.” வாசற்படியில் அவன் பூட்ஸைத் தாண்டி இறங்கினாள். “ஆனா வழியில என் பக்கத்துல நடக்காத. பின்னால வா.”